செயின்ட் ஆண்ட்ரூஸில் மே, ஜூன்: குளிர் விடாத கோடைக்கு ஒரு முழு வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஃபைஃப் பகுதியில் இருக்கிறது செயின்ட் ஆண்ட்ரூஸ். 1413-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், இடிந்து கிடக்கும் பெரிய தேவாலயம், உலகம் முழுக்கப் பெயர்பெற்ற கோல்ஃப் மைதானம், மூன்று பக்கமும் மணலும் பாறையும். இங்கே கோடை தொடங்கும்போது முதலில் வருவது வெளிச்சம்தான். வெப்பம் ரொம்பத் தாமதமாக வரும், சில நாள் வராமலே போகும். மே நடுவில் இரவு ஒன்பது மணிக்கும் வெயில் இருக்கும். ஆனால் பகல் வெப்பநிலை 15 டிகிரியைத் தொட்டாலே ஊர்க்காரர்கள் அரைக்கைச் சட்டைக்கு மாறிவிடுவார்கள்.

காலையில் இது, மாலையில் அது என்று ஊரிலிருந்தே அட்டவணை போட்டுக்கொண்டு வருபவர்கள் இங்கே பாதி நாளை வீணாக்குகிறார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, கடல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காலையில் பார்த்துவிட்டு அன்றைய நாளை முடிவு செய்பவர்களுக்கு இந்த ஊர் அள்ளிக் கொடுக்கும். படிக்க வந்த மாணவர்கள், பிள்ளையின் பட்டமளிப்புக்கு வரும் பெற்றோர், சும்மா பார்க்க வருபவர்கள் என எல்லோருக்கும் இது பொருந்தும்.

படி 1: வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே முழுக்கத் தேர்வுக் காலம். நூலகம் நிரம்பி வழியும். கடைசித் தேர்வை எழுதிவிட்டு வெளியே வரும் மாணவரை நண்பர்கள் தண்ணீரை வாரி ஊற்றி நனைப்பார்கள், அது இங்கே ஒரு வழக்கம். ஊர் கலகலப்பாக இருக்க வேண்டுமென்றால் மே. ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலும் பட்டமளிப்பு விழாக்கள். அப்போது தங்க இடம் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை எகிறியிருக்கும்.

என்னைக் கேட்டால் ஜூன் முதல் மூன்று வாரம்தான் சரியான நேரம். ஏறக்குறைய பத்தாயிரம் மாணவர்களில் பெரும்பாலானோர் கிளம்பிவிடுவார்கள். கடற்பறவைகள் கூடு கட்டியிருக்கும். ஜூன் 21-ஐ ஒட்டிய நாள்களில் பகல் 17 மணி நேரத்துக்கும் மேல் நீளும். சூரியன் காலை நாலரைக்கு முன்பே எழுந்து இரவு பத்து மணிக்கு மேல்தான் மறையும். அப்புறமும் முழு இருட்டு வராது, வடக்கு அடிவானத்தில் விடிய விடிய ஒரு வெளிச்சம் தங்கியிருக்கும்.

படி 2: பெட்டியில் என்ன வைப்பது

ஜூனில் பகல் உச்சம் சராசரியாக 17 டிகிரி, இரவில் 9-க்கு அருகே. எண்ணைப் பார்த்தால் பயமில்லை. ஆனால் கடற்காற்று அதில் நாலைந்து டிகிரியைத் தின்றுவிடும். கனமான ஒரே கோட்டைவிட, காற்றுப் புகாத மெல்லிய மேற்சட்டை ஒன்று, அதற்குள் போட்டுக் கழற்ற இரண்டு அடுக்கு, காதை மூடும் தொப்பி ஒன்று போதும். குடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், முதல் முனையிலேயே காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். மழை நீங்கள் நினைக்கிற அளவுக்கு இருக்காது. மேற்கிலிருந்து வரும் மழை மேகங்கள் மலைப்பகுதியிலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்ப்பதால் கிழக்குக் கரை ஸ்காட்லாந்தின் வறண்ட பகுதிகளில் ஒன்று.

சன்ஸ்கிரீன் கட்டாயம். குளிர்ந்த காற்றில் வெயில் உறைக்காது. மாலையில் முகம் எரியும்போதுதான் தெரியும்.

படி 3: வந்து சேர்வது

ஊருக்குள் ரயில் கிடையாது. இங்கிருந்த நிலையம் 1969-இல் மூடப்பட்டுவிட்டது. எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் நிலையம் வரை ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நிலைய வாசலிலேயே 99 என்று தொடங்கும் எண் கொண்ட பேருந்து வரும், கால் மணி நேரத்தில் ஊருக்குள் இறக்கிவிடும். ஸ்காட்லாந்தில் குடியிருக்கும் 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதற்கான அட்டை இருந்தால் பேருந்து இலவசம். இங்கே படிக்கும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும். ஊருக்குள் வந்துவிட்டால் எல்லாம் நடை தூரம்.

படி 4: தூக்கத்துக்கு ஏற்பாடு

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. அதிகாலை நாலு மணிக்கே அறைக்குள் வெளிச்சம் வந்துவிடும். அதோடு கடற்காகங்களும் கூரையில் சத்தம் போட ஆரம்பிக்கும். அறை எடுக்கும்போது கனமான திரை இருக்கிறதா என்று கேளுங்கள், கண்மறைப்புத் துணியும் காது அடைப்பானும் கொண்டு வாருங்கள். குழந்தைகளோடு வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இரவு பத்து மணிக்கு வெளியே வெயிலைப் பார்க்கும் குழந்தை தூங்கப் போகவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

படி 5: காலையில் முதல் வேலை, காற்றைப் பார்ப்பது

ஜன்னலிலிருந்து ஏதாவது ஒரு கொடி தெரிந்தால் போதும். இல்லையென்றால் கோல்ஃப் மைதானப் பக்கம் நடந்து போய், குழிகளில் நட்டிருக்கும் கொடிகளைப் பாருங்கள்.

மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ காற்று அடித்தால் அது நிலத்தின் மேல் வந்த காற்று, ஓரளவு சூடேறியிருக்கும். அன்று கடற்கரை உங்களுடையது. கிழக்கிலிருந்து அடித்தால் கதை வேறு. வட கடல் மே மாதத்தில் 8, 9 டிகிரிதான் இருக்கும். ஐரோப்பாக் கண்டத்தில் சூடேறிய காற்று இந்தக் குளிர்ந்த நீரின் மேல் வரும்போது அதன் அடிப்பகுதி குளிர்ந்து, ஈரம் துளித்துளியாகி, அடர்ந்த மூடுபனியாகக் கரைக்குள் நுழையும். இதை இங்கே 'ஹார்' என்கிறார்கள். வசந்தமும் கோடைத் தொடக்கமும்தான் ஹாருக்குப் பருவம். நிலம் சூடேறியும் கடல் இன்னும் குளிர்காலக் குளிரை விடாமலும் இருப்பதால்தான் இப்படி. பத்து மணிக்கு நீல வானம் இருந்த இடத்தில், அரை மணி நேரம் கழித்து எதிர்த் தெரு தெரியாது.

ஹார் வந்த நாளில் மூன்று வழிகள் உண்டு.

பொறுத்துப் பார்ப்பது முதல் வழி. ஜூன் வெயிலுக்கு வலு அதிகம், மதியத்துக்குள் நிலத்தின் மேல் இருக்கும் பனி பெரும்பாலும் கரைந்துவிடும். மாலையில் திரும்பி வரலாம். இங்கே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் உதவும்: சவுத் ஸ்ட்ரீட் நடைபாதையில் ஒரு உலோகக் கோடு பதித்திருப்பதைப் பார்ப்பீர்கள். 17-ஆம் நூற்றாண்டில் இங்கே கணிதப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் கிரிகரி, சூரியனின் உச்சியைக் கணிக்க வகுத்த தீர்க்கக் கோட்டின் நினைவு அது. ஊர் கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பதாலும், கோடையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்படுவதாலும், ஜூனில் சூரியன் உச்சிக்கு வருவது 1 மணி 10 நிமிட வாக்கில்தான். ஆக, நாளின் சூடான நேரம் இரண்டு மணி முதல் ஐந்து வரை. பன்னிரண்டு மணிக்கே "இன்னிக்கு அவ்வளவுதான்" என்று அறைக்குள் போய்விடாதீர்கள்.

உள்ளே போவது இரண்டாவது வழி. இங்கிருந்து மேற்கே ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, நிலத்துக்குள் இருக்கும் கூப்பர் ஊரில் அதே நேரம் நல்ல வெயில் அடிக்கலாம். பேருந்து பிடித்தால் போதும். ஊரைவிட்டுப் போக மனமில்லையா, லேட் ப்ரேஸ் பாதைக்குப் போங்கள். ஆலைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோன பழைய கால்வாயையும் ஓடையையும் ஒட்டி மரங்களுக்கிடையே போகும் பாதை அது. காற்று உள்ளே நுழையாது. ஊர்க்காரர்கள் நாயோடும் தள்ளுவண்டியோடும் நடப்பது இங்கேதான். முடிவில் ஒரு குளம், நிறைய வாத்துகள்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: ஹாருக்குள்ளேயே நடப்பது. அன்று கடற்கரைக்குப் போகாதீர்கள், தேவாலய இடிபாடுகளுக்குப் போங்கள். 1158-இல் தொடங்கி 1318-இல் மன்னர் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் அர்ப்பணிக்கப்பட்ட இது, ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட தேவாலயங்களிலேயே பெரியது. 1559-இல் மதச் சீர்திருத்தக் கூட்டம் உள்ளே புகுந்து சூறையாடியது. அப்புறம் கூரை போனது, ஊரார் வீடு கட்டக் கற்களை எடுத்துப் போனார்கள். வெயில் நாளில் இந்த இடம் ஒரு பெரிய புல்வெளியாகவும் நாலைந்து சுவராகவும் தெரியும். பனியில்தான் அதன் நீளம் புரியும். கிழக்குச் சுவரருகே நின்றால் மேற்கு வாசல் கண்ணில் படாது.

படி 6: கடல் ஏற்ற இறக்க நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

இங்கே கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் மட்டத்தின் வித்தியாசம் ஏறக்குறைய 5 மீட்டர் வரை போகும். நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும், ஆகவே நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. கைப்பேசியில் அன்றைய அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வெஸ்ட் சாண்ட்ஸ் கடற்கரை மூன்று கிலோமீட்டர் நீளம். கடல் இறங்கியிருக்கும்போது மணல் இறுகி, சைக்கிள்கூட ஓட்டலாம். ஏறியிருக்கும்போது மணல்மேடுகளின் ஓரத்தில் நெருக்கியடித்து நடக்க வேண்டியதுதான். வடமுனையில் ஈடன் ஆற்றின் கழிமுகம், அங்கே கடல்நாய்கள் மணல்திட்டில் படுத்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். கிட்டே போகாதீர்கள், அவை பயந்து தண்ணீருக்குள் இறங்கினால் குட்டிகள் தனித்துவிடும்.

ஒரே ஒரு நடைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் தென்கிழக்கே ஃபைஃப் கரையோரப் பாதையைப் பிடியுங்கள். ஈஸ்ட் சாண்ட்ஸ் கடற்கரை முடியும் இடத்தில் பாறை மேல் ஏறும் பாதை அது. மே மாதம் முழுக்க இந்தச் சரிவில் கோர்ஸ் புதர்கள் மஞ்சளாகப் பூத்திருக்கும். முள் புதர்தான், ஆனால் வெயில் பட்டதும் அந்தப் பூ தேங்காய் மணக்கும். துருவிய தேங்காயின் அதே மணம், வட கடல் காற்றில். முதல்முறை நடப்பவர்கள் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். ஜூனில் கோர்ஸ் ஓயும்போது பாறை இடுக்குகளில் இளஞ்சிவப்புக் கடற்பூக்கள் தொடங்கிவிடும்.

சுமார் மூன்று கிலோமீட்டரில் ராக் அண்ட் ஸ்பிண்டில் வரும். பழங்காலத்து எரிமலைக் குழாயின் மிச்சம் இது. உருகிய பாறை குளிர்ந்தபோது ஒரு மையத்திலிருந்து ஆரக்கால்களாக வெடித்துப் பிரிந்திருப்பதை இங்கே கிட்டத்தில் நின்று பார்க்கலாம். கடல் ஏறியிருந்தால் கிட்டே போக முடியாது. கடல் முழுதாக இறங்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஊரிலிருந்து கிளம்பினால், நிதானமாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். வழியில் ஏற்றமும் இறக்கமும் உண்டு, ஈரமான பாறை வழுக்கும். பிடிமானமுள்ள காலணி இல்லாமல் போக வேண்டாம்.

படி 7: ஊருக்குள் ஒரு அரை நாள்

நார்த் ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட், சவுத் ஸ்ட்ரீட் என மூன்று தெருக்கள், மேற்கிலிருந்து கிழக்கே தேவாலயத்தை நோக்கிப் போகின்றன. கடலை ஒட்டி தி ஸ்கோர்ஸ் என்ற நாலாவது தெரு. இடைச் சந்துகள் சின்னவை, வழி தவறினாலும் ஐந்து நிமிடத்தில் ஏதாவது ஒரு பெரிய தெருவுக்கு வந்துவிடலாம்.

நார்த் ஸ்ட்ரீட்டில் செயின்ட் சால்வேட்டர் ஆலயத்தின் முன் தரையில் பி, எச் என்ற இரண்டு எழுத்துகள் கல்லில் பதித்திருக்கும். 1528-இல் மதக் கருத்துக்காக இங்கே எரித்துக் கொல்லப்பட்ட பேட்ரிக் ஹாமில்டனின் நினைவு அது. அதை மிதித்தால் தேர்வில் தோற்றுவிடுவோம் என்று மாணவர்கள் ஒதுங்கி நடப்பார்கள். தெரியாமல் மிதித்துவிட்டால் மே 1 விடியலில் கடலில் முங்கி எழுந்தால் தோஷம் கழியுமாம். அன்று அதிகாலையில் நூற்றுக்கணக்கான பேர் ஈஸ்ட் சாண்ட்ஸில் இறங்குகிறார்கள்.

அடுத்தது கோட்டை. 1546-47 முற்றுகையின்போது வெளியிலிருந்தவர்கள் சுரங்கம் தோண்ட, உள்ளே இருந்தவர்கள் சத்தத்தை வைத்து எதிர்ச் சுரங்கம் தோண்டி அவர்களைப் பிடித்தார்கள். பாறையைக் குடைந்த அந்த இரண்டு சுரங்கமும் இன்னும் இருக்கின்றன, குனிந்து இறங்கிப் பார்க்கலாம்.

சவுத் ஸ்ட்ரீட்டுக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். செயின்ட் மேரீஸ் கல்லூரி முற்றத்தில் ஸ்காட்லாந்து அரசி மேரி நட்டதாகச் சொல்லப்படும் முள்மரம் ஒன்று முட்டுக்கொடுத்து நிற்கிறது. மே கடைசியில் வந்தால் வெள்ளைப் பூவோடு பார்க்க வாய்ப்புண்டு. அதே தெருவில் மேற்கே, பிளாக்ஃபிரையர்ஸ் ஆலய இடிபாட்டுக்குப் பின்னால் இருக்கும் கட்டடத்தைத் தமிழர் யாரும் பார்க்காமல் வரக் கூடாது. பெயர் மெட்ராஸ் காலேஜ்.

இந்த ஊரில் 1753-இல் பிறந்து, இங்கேயே படித்த ஆண்ட்ரூ பெல், 1787-இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான ஆண்கள் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஆசிரியர்கள் அவர் சொன்னபடி கற்பிக்க முன்வரவில்லை. உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தவர், அதைத் தன் பள்ளியிலும் கொண்டுவந்து, தெரிந்த பிள்ளையைக் கொண்டே தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பி 1797-இல் அந்த அனுபவத்தை லண்டனில் அச்சிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. பெல் 1832-இல் இறந்தார். அவர் விட்டுப்போன பணத்தில் கட்டிய பள்ளி 1833-இல் திறந்தது. 2021-இல் பள்ளி வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது, ஆனால் அந்தப் பழைய முகப்பு சவுத் ஸ்ட்ரீட்டிலேயே இருக்கிறது. எழும்பூர் மணலில் எழுதிய பிள்ளைகளின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்களையும் நினைத்தபடி அங்கே ஒரு நிமிடம் நிற்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

படி 8: கடலில் இறங்குவதென்றால்

ஜூனிலும் நீர் 11, 12 டிகிரிதான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் முதல் ஓரிரு நிமிடம் மூச்சு இரைக்கும், அதுதான் ஆபத்தான நேரம். குதிக்காதீர்கள். கணுக்கால், இடுப்பு, தோள் என்று மெல்ல இறங்கி, மூச்சு சீராகும்வரை நின்ற இடத்திலேயே இருங்கள். தடுமாறினால் கை கால் அடிக்காமல் மல்லாந்து மிதங்கள், இரைப்பு தானே அடங்கும். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். கரையேறிய பிறகும் உடம்பு சிறிது நேரம் குளிர்ந்துகொண்டே போகும், ஆகவே நடுக்கம் வரும் முன்பே ஈரத் துணியை மாற்றிச் சூடாக எதையாவது குடியுங்கள். தனியாக இறங்க வேண்டாம். உயிர்காப்பாளர் இருக்கும் நாளில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும். இதய நோய் உள்ளவர்கள் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

படி 9: கோல்ஃப் மைதானம், ஆடாதவர்களுக்கும்

பழைய மைதானம் பொது நிலம். ஞாயிற்றுக்கிழமை பெரிய போட்டிகள் இல்லாவிட்டால் ஆட்டம் கிடையாது, ஊரே அதில் நடக்கும். சுவில்கன் கல்பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். குழியைச் சுற்றியுள்ள மெல்லிய புல்லை மட்டும் மிதிக்காதீர்கள். மற்ற நாள்களில், வெஸ்ட் சாண்ட்ஸுக்குப் போகும் சிறு சாலை மைதானத்தின் குறுக்கே போகும். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடக்க வேண்டும். "ஃபோர்!" என்பது பந்து வருகிறது என்ற எச்சரிக்கை, அந்தச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் தலையைக் கையால் மூடிக் குனியுங்கள்.

அருகிலேயே ஹிமாலயாஸ் என்ற மேடு பள்ளமான புல்திடல். 1867-இல் தொடங்கிய பெண்கள் கோல்ஃப் சங்கத்தின் இடம். சின்னக் கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம். தாத்தா, பாட்டி, குழந்தை எல்லோரும் சேர்ந்து ஆட இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை.

படி 10: சாப்பாடு

மீன் வறுவலும் சிப்ஸும் வாங்கினால் ஹேடக் மீன் கேளுங்கள், இந்தக் கரையில் அதுதான் வழக்கம். திறந்த வெளியில் சாப்பிடும்போது சுவருக்கு முதுகு காட்டி உட்காருங்கள். ஜூனில் குஞ்சுகளுக்கு இரை தேடும் கடற்காகம் பின்னாலிருந்து வந்து கையிலிருப்பதைப் பிடுங்கிப் போகும். ஐஸ்கிரீமுக்கு சவுத் ஸ்ட்ரீட்டில் 1908 முதல் இருக்கும் ஜெனட்டாஸ். ஃபிஷர் அண்ட் டொனால்ட்சன் பேக்கரியின் ஃபட்ஜ் டோனட்டை மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள்.

படி 11: பட்டமளிப்புக்கு வருபவர்களுக்கு

விழா நார்த் ஸ்ட்ரீட்டில் இருக்கும் யங்கர் ஹாலில். முடிந்ததும் ஊர்வலம், பிறகு முற்றத்துப் புல்லில் படம் எடுப்பது. பட்டுப் புடவை தாராளமாகக் கட்டலாம். முந்தானையைப் பின் குத்தி இறுக்கிவிடுங்கள், மேலே ஒரு சால்வை வேண்டும். குதிகால் உயர்ந்த செருப்பு புல்லில் புதையும். கல் பதித்த தெருவிலும் கால் இடறும். தட்டைச் செருப்பே நல்லது. வயதானவர்களை விழாவுக்கு ஒரு நாள் முன்பே ஊருக்குக் கூட்டி வந்து ஓய்வெடுக்க விடுங்கள்.

படி 12: ஒரு நாள் ஐல் ஆஃப் மே தீவுக்கு

ஆன்ஸ்ட்ரூதர் துறைமுகத்திலிருந்து படகு. அங்கே போக செயின்ட் ஆண்ட்ரூஸ் பேருந்து நிலையத்திலிருந்து கிரெய்ல் வழியாகப் பேருந்து உண்டு. தீவில் 1636-இல் கட்டிய, நிலக்கரி எரித்த கலங்கரை விளக்கத்தின் மிச்சம் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் முதல் கலங்கரை விளக்கம் அதுதான். ஆனால் ஆள்கள் போவது பஃபின் பறவைகளுக்காக. ஏப்ரலில் வந்து வளைகளில் முட்டையிடும் அவை ஜூலை முடிவதற்குள் பெரும்பாலும் கடலுக்குத் திரும்பிவிடும். ஜூனில் அலகு நிறைய மீனோடு பறந்து வந்து வளைக்குள் நுழைவதைப் பாதையிலிருந்தே பார்க்கலாம். பாதையை விட்டு விலகாதீர்கள், கால் வைக்கும் மண்ணுக்கு அடியில் குஞ்சு இருக்கும். ஆர்க்டிக் ஆலாக்கள் தலையில் கொத்த வரும், தடித்த தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

படகுப் பயணத்துக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், காற்று பலமானால் பயணம் ரத்தாகும். ஆகவே தங்கும் நாள்களின் தொடக்கத்திலேயே ஒரு நாளுக்குப் பதிவு செய்யுங்கள், தள்ளிப்போனால் மாற்றிக்கொள்ள நாள் மிச்சமிருக்கும். தீவில் உணவு விற்பனை இல்லை, சாப்பாடும் தண்ணீரும் கையில் எடுத்துப் போக வேண்டும். கிளம்பும் முன் ஆன்ஸ்ட்ரூதரிலிருந்து திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துகள் குறைவு.